கூவக்கரையில் ஐந்நூற்று எழுபத்தாறு பேர்

இன்றைக்குக் காலையில் ஷூட்டிங் ஃப்ளோரில் இருந்தவர்கள்: டைரக்டர், கேமராக்காரர், அவருடைய உதவியாளர்கள் இரண்டு பேர், தண்டவாளத்தில் கேமராவைத் தானாக ஓட்டும் இயந்திரத்தோடு ஹைதராபாத்திலிருந்து வந்த ஒருவர், உதவி டைரக்டர்கள் மூன்று பேர், அவர்களில் ஒருத்தி ஜெசிந்தா என்ற பெண், லைட்காரர்கள் ஐந்து பேர், துணி கொடுக்கிற மாசிலாமணியும் அவருக்கு உதவிக்கு ஒரு அம்மாவும், மேக்கப் போடுகிறவர் ஒருவர், கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன், டீயும் சாப்பாடும் கொடுக்கிறவர்கள் இரண்டு பேர், படத்தில் நடிக்கிற குழந்தை மித்ரா, அவளுடைய அம்மா, எங்களைக் கூட்டிவந்த ஏஜெண்ட் குப்புராஜ், பிறகு கூட்டத்தில் நிற்பதற்கென்று வந்த நாங்கள் முப்பத்தாறு பேர். ஆக ஐம்பத்தெட்டு. பூனை ஒன்றும் இருந்தது, அதை நான் சேர்க்கவில்லை. எண்ணிப் பார்க்காவிட்டால் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. துறைமுகத்தில் முன்பு மூட்டை எண்ணின வேலை, படிப்பு ஐந்தாவதோடு சரி, பேச்சும் அவ்வளவாக வராது, அதனால் எண்ணுவதுதான் எனக்குப் பேசுவது மாதிரி. முப்பத்தாறு பேரும் ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு. எல்லோருக்கும் வெள்ளி நிறத்தில் உடுப்பு, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி, முதுகில் ஜிப், தோளில் மட்டும் தனியாக ஒரு நிறத் துணி. எங்களுக்கு எதிரே தரையெல்லாம் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். அதுதான் கூவம். நூறு வருஷம் கழித்துக் கூவத்தில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் ஓடும், பிள்ளைகள் குதித்து நீந்துவார்கள், சந்திரனில் பயிர் வைக்கப் போன ஒரு குடும்பம், அப்பா அம்மா அக்கா தம்பி, பறக்கிற பஸ்ஸில் திரும்பி வந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கும், அவர்களைப் பார்க்க ஊரே கரையில் நிற்கும். இறங்குகிற அந்த நொடியில் நேரம் அப்படியே நின்றுவிடும், அதனால் ஊரும் அசையாமல் நிற்க வேண்டும். கேமரா மட்டும் போகும். எங்கள் முப்பத்தாறு பேரையும் ஓரிடத்தில் நிறுத்தி எடுப்பார்கள், பிறகு தோள்துணியின் நிறத்தை மாற்றி இன்னோரிடத்தில் நிறுத்தி எடுப்பார்கள், இப்படிப் பதினாறு இடம், பிறகு கம்ப்யூட்டர் பையன் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிடுவான். முப்பத்தாறைப் பதினாறால் பெருக்கினால் ஐந்நூற்று எழுபத்தாறு. நான் ஒருவனே கூவக்கரையில் பதினாறு பேராக நிற்பேன். பக்கத்தில் சுலோச்சனா பதினாறு பேராக நிற்பாள்.

நாலு இடம் முடிந்துவிட்டது. அந்த நாலும் தூரத்தில், ஃப்ளோரின் கடைசிச் சுவர் ஓரம், அங்கே நாங்கள் கடுகு மாதிரித்தான் தெரிவோம் என்று ஜெசிந்தா சொன்னாள். ஐந்தாவது இடம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். மூன்றாவது வரிசையில் நாலாவது ஆள் நான், ஐந்தாவது சுலோச்சனா. முகம் மேலே பார்க்க வேண்டும், கை இரண்டும் பக்கத்தில் தொங்க வேண்டும், ஒருத்தரும் கையைக் கட்டக்கூடாது, பின்னால் மறைக்கக்கூடாது, கேமரா போய்ச் சேர ஒன்றரை நிமிஷம் ஆகும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இன்னும் லைட் சரியாகவில்லை. அதற்குள் இப்படியே நிற்கிறோம். கூவம் நிஜமாகவே சுத்தமாகுமா என்று யோசிக்கிறேன். காலையில் பஸ்ஸில் பாலம் தாண்டும்போது எல்லோரையும் மாதிரி நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் ஆகும் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறாரே, அதில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. குழந்தைகள் அப்பா அம்மாவோடு வந்து பார்க்கிற படம், அதில் ஊர் அழிந்துபோகிறது என்று காட்டாமல் ஆறு சுத்தமாகிறது என்று காட்டுவதற்கும் ஒரு மனசு வேண்டும். காலையில் கதை சொல்லும்போது டைரக்டர் இன்னொன்றும் சொன்னார், அந்தக் காலத்தில் வியாதியே கிடையாது, எல்லாவற்றுக்கும் மருந்து வந்துவிட்டது, அதனால் உங்கள் எல்லார் முகத்திலும் ஆரோக்கியம் தெரியணும் என்று. எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவன், சார் எனக்கு மூலம் இருக்கு, அது முகத்துல தெரியுமா என்றான். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே என் மனைவியை நினைத்தேன். அவள் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் நூறு வருஷம் கழித்துப் பிறந்திருந்தால் ஒரு மாத்திரையில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் நூறு வருஷம் கழித்துப் பிறந்திருந்தால் எனக்கு எப்படி மனைவியாகியிருப்பாள். இந்தக் கணக்கு எப்போதும் இங்கேதான் வந்து நிற்கும், மேலே போகாது. அப்போதும் நின்றது. நின்ற இடத்தில் திரும்பிப் பார்த்தேன், சுலோச்சனா சிரிக்கவில்லை. வியாதியே கிடையாது என்று அவர் சொன்னபோது அவள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுலோச்சனா என் மனைவி இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக நூற்றுப் பதினெட்டுக் கல்யாணத்தில் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக உட்கார்ந்திருக்கிறோம். ஏஜெண்ட் வைத்த வழக்கம் அது. மண்டபக் காட்சி, கோயில் காட்சி, ரயில் காட்சி எதுவானாலும் பெரியவர்களை ஜோடியாகத்தான் அனுப்புவார், ஜோடியில் ஒருத்தர் வராவிட்டால் இன்னொருத்தரையும் கூப்பிட மாட்டார், தனியாக ஒரு கிழவன் பின்னால் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு அவன் யாரென்று யோசனை போய்விடும் என்பார். முதல் கல்யாணத்திலேயே அவள் என்னை வீட்டுக்காரரே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். இன்னா வூட்டுக்காரரே, சாப்ட்டியா. இன்னா வூட்டுக்காரரே, சட்டை பொத்தானை மாத்திப் போட்டுக்குற. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிடுவாள், எனக்குக் காது சூடாகும், ம் என்பேன். ஒரு தடவை இலையில் பாயசம் ஊற்றுகிற காட்சி, நடுவில் திரும்பி, ஊர்ல இருக்குற எல்லார் கல்யாணத்துக்கும் போய் வந்துட்டோம், நமக்குன்னு ஒண்ணு நடக்கல பாரு என்றாள். எனக்குப் புரையேறி அந்தக் காட்சியை மறுபடி எடுத்தார்கள். அவள் தங்கை வீட்டில் மாடியில் ஒரு தகர அறையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் எப்போதோ போய்விட்டார், எங்கே என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட நான் அவள் கையைத் தொட்டதில்லை. காட்சிக்காகக் கூடத் தொட்டதில்லை. ஆசீர்வாதம் பண்ணும்போது அவள் ஒரு பக்கம் அட்சதை போடுவாள், நான் ஒரு பக்கம் போடுவேன். அந்த அட்சதையில்தான் நான் முதலில் பார்த்தேன். போன தை மாதத்தில் ஒரு கல்யாணம், மேளம் கொட்டுவதற்கு முன்னாலேயே அவள் கையிலிருந்த அரிசி விரல் இடுக்கு வழியாக ஒன்றொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. கை மூடித்தான் இருந்தது. பிறகு டீ. எல்லாரும் ஒரு கையில் வாங்குகிற காகிதக் கோப்பையை அவள் இரண்டு கையாலும் வாங்க ஆரம்பித்தாள். குளிருது வூட்டுக்காரரே என்றாள். சித்திரை மாதத்தில்.

குப்புராஜ் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கை நடுங்குகிற ஆளை அவர் எப்படிக் கூப்பிடுவார், கூப்பிட்டால் கம்பெனிக்காரர்கள் அவரைக் கூப்பிட மாட்டார்கள். போன வருஷம் முட்டி மடங்காத வரதனை அவர் நிறுத்தினபோது, நிறுத்திவிட்டு வெளியே போய் நின்று அழுதார், நான் பார்த்தேன். ஆனாலும் நிறுத்தினார். சுலோச்சனாவுக்கு இது தெரியும். தங்கை வீட்டு மாடிக்கு வாடகை கொடுக்க இந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை என்பதும் தெரியும். அவள் போனால் நானும் நின்றுவிடுவேன், ஜோடியில்லாத கிழவன். ஆனால் சத்தியமாக எனக்கு அதில்லை பயம். எனக்கு என்ன பயம் என்று யோசித்தால் அந்த அரிசிதான் ஞாபகம் வருகிறது, மூடின கையிலிருந்து விழுந்தது. இன்றைக்கு நாலாவது இடம் முடிந்து நடந்து வரும்போது அவள் வாய் அசையாமல் சொன்னாள், மாத்திரை முந்தானைலயே போச்சு. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இந்தக் கை நடுக்கத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை, போட்டால் மூன்று மணி நேரம் அடங்கும், பதினோரு மணி மாத்திரையை எப்போதும் போல முந்தானை நுனியில் முடிந்து வைத்திருந்தாள். வெள்ளி உடுப்பு மாட்டும்போது எல்லார் துணியையும் மாசிலாமணி மூட்டையாகக் கட்டி வேனில் போட்டுவிட்டார். வேன் இன்னொரு ஃப்ளோருக்குப் போயிருக்கிறது, சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வரும். நூறு வருஷம் கழித்து வரப்போகிற உடுப்பில் முந்தானை இல்லை, பையும் இல்லை, தோள்துணியையும் இடத்துக்கு இடம் மாற்றிவிடுகிறார்கள், முடிச்சுப் போட்டு வைக்க ஒன்றுமே இல்லை. வியாதி இல்லாதவர்களுக்குத் தைத்தது. கேட்டு வாங்கிட்டு வரச் சொல்லட்டா என்றேன். யார்ட்ட, இன்னான்னு சொல்லி என்றாள். அவள் சொல்வது சரி. மாத்திரை என்றால் எதற்கு என்று கேட்பார்கள். தலைவலி என்று சொல்லலாமே என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது, இப்போது லைட் எல்லாம் போட்டுவிட்டார்கள். ஜெசிந்தா கை தூக்கிவிட்டாள். மேலே பார்க்கிறோம்.

மேலே ஒரு இரும்புக் கம்பி, அதில் சிவப்புப் பந்து ஒன்று தொங்குகிறது, அதுதான் பறக்கிற பஸ். அதைப் பார்த்து எல்லோரும் ஆச்சரியத்தில் நிற்க வேண்டும். நிற்கிறேன். கேமரா கிளம்பிய சத்தம் கேட்கிறது, தையல் மெஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி. மூச்சை மெதுவாக விடுகிறேன். கண்ணைத் திருப்பக்கூடாது. திருப்பாமலே தெரிகிறது. என் இடது பக்கத்தில் அந்த வெள்ளித்துணி மினுக்குகிறது. சாதாரணப் புடவையாக இருந்தால் தெரியாது, இந்தத் துணி ஒரு நூல் அசைந்தாலும் லைட்டைப் பிடித்து வீசுகிறது. அவள் கையைத் தொடையோடு அழுத்துகிறாள் போலிருக்கிறது, அழுத்த அழுத்தத் துணி முழுக்க நடுங்குகிறது, தண்ணீரில் வெயில் விழுந்த மாதிரி. கூவம் சுத்தமானால் இப்படித்தான் மினுங்கும். இதை ஏன் நினைக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன், எண்ணினால் எனக்கு அடங்கும், நான் எண்ணினால் அவளுக்கு அடங்குமா. நாற்பதில் சத்தம் எங்களுக்கு நேராக வருகிறது. ஐம்பதில் தாண்டுகிறது. கட் என்கிறார்கள். நல்லாத்தான் போச்சு போலிருக்கு என்று முன்னால் ஒருத்தி மூச்சு விடுகிறாள். இல்லை, டைரக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், மறுபடி ஓடவிட்டுப் பார்க்கிறார். மூணாவது வரிசைல என்னமோ ஆடுது, பூனையா பாரு என்கிறார். பூனை லைட் பெட்டி மேல் தூங்குகிறது. ஜெசிந்தா எங்களை நோக்கி நடந்து வருகிறாள். குப்புராஜும் பின்னால் வருகிறார். முதல் ஆள், இரண்டாவது ஆள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வருகிறாள். நான் இந்தத் தொழிலில் ஒரு நாளும் கேட்காமல் வாய் திறந்தவன் இல்லை. நான்தான்மா என்று என் குரல் கேட்கிறது. நான்தான் அசைஞ்சேன். கொசு.

ஏன் பெரியவரே, நீயா, ஃபோட்டோ மாதிரி நிப்பியே நீ, உனக்கா கொசு கடிச்சுது என்கிறார் குப்புராஜ். அந்தக் கொசுவுக்கும் வேற ஆளு கிடைக்கல பாரு என்று பின்வரிசையில் அந்த மூலக்காரன் சொல்கிறான், சிரிப்பு. ஜெசிந்தா சிரிக்கவில்லை. தாத்தா, ரொம்ப நேரமா நிக்கிறீங்க, கால் வலிக்குதுன்னா வெளியில போய் உக்காருங்க, உங்க இடம் காலியா இருந்தாக்கூடப் பரவால்ல, எடுத்துக்கிறோம் என்கிறாள். அன்பாகத்தான் சொல்கிறாள். அந்த அன்பில் என் உயிரே போகிறது. நான் போய் உட்கார்ந்தால் இங்கே இவள் தனியாக நிற்பாள், மறுபடி கேமரா ஓடும், மறுபடி ஆடும், அப்போது பக்கத்தில் நானில்லை, கொசு என்று சொல்ல ஆளில்லை, நேராக அவளிடம்தான் வருவார்கள். காப்பாற்றுவதாக நினைத்து நானே காட்டிக்கொடுத்துவிட்டேனா. எண்ண மட்டும் தெரிந்தவன் பேசினால் இப்படித்தான். இல்லம்மா நிக்கிறேன், ஒரு தடவை நிக்கிறேன் என்கிறேன். அவருக்கு ஒண்ணும் இல்லம்மா, வூட்ல சொல்லி அனுப்பிச்சிருக்கேன் ஆடாம நில்லுன்னு, கேக்க மாட்டேங்கிறாரு என்கிறாள் சுலோச்சனா. சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள், சத்தமாக, ஆனால் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. ஜெசிந்தா அவள் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு தோளைப் பார்க்கிறாள், தோளும் லேசாக ஆடுகிறது. பார்த்துவிட்டாளா. திரும்பிப் போகிறாள். ஒன்ஸ் மோர் என்று ஒலிபெருக்கி. முகம் மேலே. கை கீழே. லைட்.

அவள் கைக்கும் என் கைக்கும் நடுவில் அரை சாண் இருக்கும். சிவப்புப் பந்தைப் பார்த்துக்கொண்டு அந்த அரை சாணை நினைக்கிறேன். கையைத் தொங்கவிடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், பிடி என்று சொல்லவில்லை. பிடித்தால் கட் என்பார்கள், யார் சொன்னது பிடிக்கச் சொல்லி என்பார்கள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், குப்புராஜ் என்ன பெரியவரே இந்த வயசுல என்பார், நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது. அவள் என்ன நினைப்பாள். வேடிக்கைக்கு வீட்டுக்காரரே என்று சொல்கிற பெண், அதை இவன் நிஜமாக எடுத்துக்கொண்டான் என்று நினைப்பாளா. எடுத்துக்கொண்டேனா. என் மனைவி ஆஸ்பத்திரியில் கடைசி நாள் கையை நீட்டினாள், அறையில் அவள் அண்ணன் தம்பிகள் எல்லாம் நின்றார்கள், ஏழு பேர், எனக்குக் கூச்சமாக இருந்தது, போர்வையைச் சரிசெய்கிற மாதிரிச் சரிசெய்தேன். கேமரா கிளம்பிவிட்டது. தையல் மெஷின். பக்கத்தில் மினுங்க ஆரம்பித்துவிட்டது. ஒன்று, இரண்டு. பத்தில் சத்தம் கிட்டே வருகிறது. பதினைந்து. இருபது வருவதற்குள், இருபத்தைந்து வருவதற்குள், நாற்பதில் நேராக வந்துவிடும். முப்பதில் என் கை போய்விட்டது. நான் அனுப்பினேனா என்று தெரியவில்லை, போய்விட்டது. அவள் விரல்கள் உள்ளங்கைக்குள் வந்து அடித்துக்கொள்கின்றன, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் பிடித்த மாதிரி, என் கையே ஆடுகிறது, தோள் வரை வருகிறது, இப்போது இரண்டு பேரும் ஆடுகிறோமா, ஐயோ என்று நினைக்கிறேன், பிறகு அவள் விரல்கள் மடங்கிப் பிடிக்கின்றன. கெட்டியாகப் பிடிக்கின்றன. நகம் பதிகிறது. பிடித்ததும் நின்றுவிட்டது. சும்மா தொங்கும்போது ஆடுகிற கை, ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நிற்குமா, எனக்குத் தெரியாது, நின்றுவிட்டது. நாற்பது. சத்தம் எங்களுக்கு நேராக. வெள்ளித்துணி வெறும் துணியாக இருக்கிறது. நேரம் நின்றுவிட்ட ஊரில் ஊர் மாதிரியே நிற்கிறோம். ஐம்பது, அறுபது, தொண்ணூறு. கட்.

விட வேண்டும் என்று தோன்றவில்லை, விடுவதற்கும் பயமாக இருக்கிறது. திரைக்கு முன்னால் டைரக்டரின் மடியில் சாய்ந்துகொண்டு மித்ரா பார்க்கிறாள். ஹை, அந்தத் தாத்தாவும் பாட்டியும் கை பிடிச்சிருக்காங்க என்று கத்துகிறாள், ஃப்ளோர் முழுக்கக் கேட்கிறது. முப்பத்தாறில் முப்பத்து நாலு தலை எங்கள் பக்கம் திரும்புகிறது. காது எரிகிறது. இது யார் சொல்லிப் பண்ணது என்கிறார் டைரக்டர். குப்புராஜ் வாயைத் திறக்கிறார். அதற்குள் ஜெசிந்தா, நான்தான் சார் சொன்னேன் என்கிறாள். எங்கள் பக்கம் பார்க்காமலே சொல்கிறாள். டைரக்டர் மறுபடி ஓடவிட்டுப் பார்க்கிறார். பஸ் இறங்குறப்ப பயத்துல பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு, நல்லாருக்கு, நூறு வருஷம் ஆனாலும் அது இருக்கும்ல என்கிறார். மறுபடி பார்க்கிறார். எல்லா இடத்துலயும் இப்படியே நிக்கட்டும், கம்ப்யூட்டர்ல மாத்திக்கலாம்னு விட்றாதீங்க, இவங்க ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் எனக்கு வேணும், ஏஜெண்ட் கேட்டுக்கங்க. சரிங்க சார் என்கிறார் குப்புராஜ். என்னைப் பார்க்கிறார், சுலோச்சனாவைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு என்ன, அடுத்த கல்யாணத்துக்கு என்ன, அதுவும் தெரியவில்லை. மாசிலாமணி நீலத் தோள்துணிகளை வாங்கிக்கொண்டு மஞ்சள் கொடுத்துக்கொண்டு வருகிறார். மாற்றிப் போட ஒரு கை போதும். ஆறாவது இடத்துக்கு நடக்கச் சொல்கிறார்கள், கூட்டத்தோடு நடக்கிறோம், பச்சைத் துணியின் ஓரமாக, கூவத்தில் கால் படாமல். இன்னா வூட்டுக்காரரே என்கிறாள், இந்தத் தடவை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, எத்தினி இடம் முடிஞ்சுது. அஞ்சு என்கிறேன். எண்ணிச் சொல்கிறது எனக்கு வரும். மீதி எத்தினி. பதினாறில் ஐந்து போனால். தெரிந்த கணக்குத்தான், இருந்தாலும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன். பதினொன்று.